பாஸ் ஆன பியூரெட்டும் திரும்பி வந்த வினிகரும்

நாலு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். மிச்சம் ஒன்றை ஏன் கொடுக்கவில்லை என்பது கீழே வரும். மதுரை புதூர் பக்கம் இருக்கிற இந்த காலிபரேஷன் கடைக்கு (அளக்கிற கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் தாள் கொடுக்கிற இடம்) இதற்கு முன் எழுதியவர்கள் எல்லாம் "நல்ல சர்வீஸ்", "சூப்பர் சார்" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள். அதைப் படித்து எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆகவே என் கதையைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். டைட்ரேஷன் போட்டு, அதாவது காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஆசிட் எவ்வளவு என்று அளந்து பிழைக்கிறவர்களுக்கு உபயோகப்படும், மற்றவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

கப்பலூர் பக்கம் ஒரு சின்ன வினிகர், ஊறுகாய் கம்பெனியில் லேப் என் பொறுப்பு. லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குடோனுக்கு மேலே ஒரு அறை, ஒரு சிங்க், நாலு இலக்க பேலன்ஸ் ஒன்று, புளிப்பை நம்பரில் காட்டும் பிஹெச் மீட்டர் ஒன்று, இரண்டு பியூரெட் (இறக்கின அளவைக் காட்டக் கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்), மத்தியானம் கரண்டு போனால் அதுவே அடுப்படி. வினிகரில் அசிட்டிக் ஆசிட் 100 மி.லி.க்கு 3.75 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. ஆசிட் காசு, தண்ணீர் காசில்லை, அதனால் எங்கள் அண்ணாச்சி 3.80-ஐத் தொட்டாலே போதும் என்பார். நானும் 3.83 வந்ததும் கையெழுத்துப் போட்டு லோடு ஏற்றிவிட்டேன். அந்த லோடுதான் திரும்பி வந்தது. வாங்கினவர்களுடைய லேப்பில் 3.71.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஏம்மா, அவுக லேப்புலயும் தப்பு இருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். இருக்கலாம்தான். ஆனால் எங்கள் பியூரெட், பிப்பெட் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்), பேலன்ஸ் எல்லாவற்றிலும் மூன்று மாதம் முன்னால் ஒட்டின காலிபரேஷன் ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கிறது, சர்ட்டிஃபிகேட் ஃபைலில் இருக்கிறது, அதில் பாஸ் என்றும் இருக்கிறது. அப்படியிருந்தும் நூற்றுக்கு மூன்று வித்தியாசம். போட்டது யார் என்று சொல்லப் போவதில்லை, பைக்கில் வந்து ஒரு மணி நேரத்தில் பதினோரு சாமானை முடித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனவர்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன். பாவம், அவர்கள் முழுப் பொய்யும் சொல்லவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

தெரிந்த அக்கா ஒருத்தர் கல்லூரி லேப்பில் இருக்கிறார், அவர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். போன நேரம் சித்திரைத் திருவிழா வாரம். பியூரெட்டைப் பழைய வேட்டியில் சுற்றி, மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு, கோரிப்பாளையத்தில் ஆட்டோ நகராமல் நின்ற முக்கால் மணி நேரம் இருக்கிறதே, அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. அழகர் வருகிற வாரத்தில் கண்ணாடிச் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினது என் புத்தி.

உள்ளே ஒரு பெரியவரும் ஒரு தங்கச்சியும் இருந்தார்கள். ஏ.சி. ஓடுகிறது, ஆனால் பேலன்ஸ் மேல் காற்று படாதபடி தடுப்பு வைத்திருக்கிறார்கள். பியூரெட்டை வாங்கின பெரியவர் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தண்ணீர் விட்டு இறக்கினார், உள்சுவரில் இரண்டு மூன்று துளி இறங்காமல் ஒட்டி நின்றது. "யம்மா, இதக் கழுவாமயே காலிபரேட் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க பாருங்க" என்றார். சுவரில் துளி ஒட்டினால் உள்ளே பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அளவு காட்டுகிற கோட்டுக்கும் உண்மையில் இறங்கின அளவுக்கும் இடையில் அந்தத் துளிகள் நிற்கும். பியூரெட்டின் அடியில் திருகுகிற ஸ்டாப்காக்கில் நான் தாராளமாகப் போட்ட கிரீஸ்தான் மேலே ஏறியிருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கழுவி, மறுநாள் காய்ந்த பிறகுதான் அளப்பேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே முடித்துக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு நடை மிச்சம், ஆனால் சரி, அதற்காகத்தானே வந்தது.

மறுநாள் நானே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவர்களும் பார்க்க விட்டார்கள். இந்தக் கடைக்கு நட்சத்திரம் போட வைத்ததே இந்த ஒரு மணி நேரம்தான். பெரிய மந்திரமெல்லாம் இல்லை. மூடி போட்ட சின்னக் குடுவையை எடை போடு, பியூரெட்டில் பூஜ்யத்திலிருந்து 5 வரைக்கும் தண்ணீரை இறக்கு, அரை நிமிஷம் காத்திரு, சுவரில் இருப்பது இறங்கட்டும், கோட்டைச் சரிபார், குடுவையை மறுபடி எடை போடு. அப்புறம் 10 வரை, 25 வரை, 50 வரை. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப. நீர்மட்டத்தின் கீழ் வளைவைப் பார்க்க, பாதி கறுப்பு அடித்த ஒரு அட்டையைப் பின்னால் பிடிக்கிறார்கள், கண் அதே மட்டத்தில் இருக்க ஒரு ஸ்டூல். தண்ணீரில் தெர்மாமீட்டர் எப்போதும் கிடக்கிறது.

தெர்மாமீட்டர் எதற்கு என்று கேட்டேன். ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நமக்கு மண்டையில் ஏறிப்போயிருக்கிறது, நம் ஊர் வெக்கையில் அது பலிக்காது. 30 டிகிரியில் தண்ணீர் விரிந்து லேசாகிவிடும், அதோடு காற்றின் மிதப்பு வேறு சேரும், இரண்டையும் கணக்கில் எடுத்தால் பேலன்ஸ் காட்டும் ஒரு கிராம் தண்ணீர் 1.0054 மி.லி. எங்கள் பியூரெட்டின் 10 கோட்டில் இறங்கின தண்ணீர் 9.857 கிராம் இருந்தது. கிராமையே மி.லி.யாக எடுத்துக்கொண்டால் 0.14 குறைகிறது என்று பியூரெட்டைத் தூக்கிப் போட்டிருப்போம். 1.0054-ஆல் பெருக்கினால் 9.91. அதாவது 10 என்று அது காட்டும்போது 0.09 மி.லி. குறைவாக இறக்குகிறது. 5-லும் அதே 0.09, 25-ல் 0.07, 50-ல் 0.05. ஆக மேல்பகுதியில்தான் கோளாறு.

இங்கேதான் பைக் ஆட்கள் முழுப் பொய் சொல்லவில்லை என்பது புரிந்தது. எங்கள் பியூரெட்டில் சின்னதாக பி என்று அச்சடித்திருக்கும், இத்தனை வருஷமாக நான் அதை கம்பெனி முத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 50 மி.லி. கிளாஸ் ஏ பியூரெட்டுக்கு அனுமதி 0.05, கிளாஸ் பி என்றால் அதைப் போல இரண்டு மடங்கு, 0.1. எங்களது 0.09. ஆகவே பாஸ்! சட்டப்படி பாஸ். ஆனால் நான் வினிகர் போடும் முறையைப் பாருங்கள்: 10 மி.லி. வினிகரை 100-க்கு நீர்க்க வைத்து, அதில் 10 எடுத்து, ஃபினாஃப்தலீன் (ஆசிட் தீர்ந்ததும் இளஞ்சிவப்பாகிற சாயம்) விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை இறக்குவேன். நார்மல், நார்மாலிட்டி என்பதெல்லாம் கரைசலின் வீரியக் கணக்கு. அந்த நார்மாலிட்டியில் ஒரு மி.லி.க்கு 6.005 மில்லிகிராம் அசிட்டிக் ஆசிட். என் ரீடிங் எப்போதும் 6 மி.லி. சொச்சம்தான் வரும், அன்றைக்கு 6.38. ஐம்பதில் 0.09 என்றால் தூசு, 6.38-ல் 0.09 என்றால் நூற்றுக்கு 1.4. ஐம்பது மி.லி. பியூரெட்டை வைத்துக்கொண்டு அதன் தலையில் மட்டும் வேலை பார்த்திருக்கிறேன், அதுவும் அதன் மோசமான இடத்தில்.

சர்ட்டிஃபிகேட்டில் பாஸ் என்று மட்டும் போட்டால் இது தெரியுமா? தெரியாது. இவர்கள் கொடுத்த தாளில் ஒவ்வொரு கோட்டுக்கும் எவ்வளவு தப்பு, அந்த அளவின் நிச்சயமின்மை எவ்வளவு, எந்த வெப்பநிலையில் அளந்தது, எந்த எடைக்கல்லை வைத்துப் பார்த்தது எல்லாம் இருக்கிறது. பாஸ், ஃபெயில் என்று ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது, ஆடிட்டுக்கு வருகிறவர் கேட்பாரே என்று. பெரியவர் சொன்னது: "நீங்க எதுக்கு யூஸ் பண்றீங்கன்னு எனக்குத் தெரியாது. பாஸா இல்லையான்னு நான் எப்பிடிச் சொல்றது, நீங்கதான சொல்லணும்?"

மிச்சம் ஒன்றே முக்கால் சதவீதம் எங்கே போனது என்று அங்கேயே உட்கார்ந்து தேடினோம். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

10 மி.லி. பிப்பெட்டை அளந்தார்கள், அது யோக்கியமான பிப்பெட், 10.00-க்கு 9.99. பிறகு பெரியவர் என்னைப் பார்த்து, நீங்கள் எப்படி இறக்குவீர்களோ அப்படியே ஒரு தரம் செய்யுங்கள் என்றார். நான் சரியாகத்தான் செய்தேன். ஆனால் லேப்பில் முக்கால்வாசி நாள் பிப்பெட் பிடிப்பது உதவிக்கு இருக்கும் தம்பி, அவன் கடைசித் துளியை பல்பை அழுத்தி ஊதித் தள்ளுவான், நான் பார்த்திருக்கிறேன், ஒரு சொட்டுதானே என்று விட்டிருக்கிறேன். ஊதாமல் தானாக வடிய விட வேண்டிய பிப்பெட் அது, நுனியில் நிற்கும் சொட்டையும் கழித்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். அதே மாதிரி ஊதி எடை போட்டுப் பார்த்தால் 0.05 கூடுதல். பத்தில் அரை சதவீதம். அதே பிப்பெட்டால் வினிகரை எடுக்கும்போது ஒரு தரம், நீர்க்க வைத்ததிலிருந்து எடுக்கும்போது இன்னொரு தரம், ஆக ஒரு சதவீதம். கருவியை எவ்வளவு காலிபரேட் செய்தாலும் ஊதுகிற வாயை யாரும் காலிபரேட் செய்ய முடியாது.

மூன்றாவது என்னுடைய சோம்பல். முன்பெல்லாம் வாரம் ஒரு தரம் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற சுத்தமான ஆசிட் உப்பை எடை போட்டு சோடியம் ஹைட்ராக்சைடின் நார்மாலிட்டியைக் கண்டுபிடிப்பேன். வேலை கூடினதும் 0.1 நார்மல் என்று லேபிள் ஒட்டின ரெடிமேட் பாட்டிலுக்கு மாறிவிட்டோம். லேபிளில் போட்டிருப்பது மூடி திறக்கும் வரைக்கும்தான். திறக்கத் திறக்கக் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் குடித்து அது வீரியம் இழந்துகொண்டே வரும். லேப்புக்குத் திரும்பி, 0.5105 கிராம் தாலேட்டை வைத்துப் பார்த்தேன், திருத்தம் போக 25.20 மி.லி. இறங்கியது. சரியான 0.1 என்றால் 25.00 ஆகியிருக்க வேண்டும். அப்படியென்றால் உண்மையான நார்மாலிட்டி 0.0992, பாட்டில் சொல்வதைவிட 0.8 சதவீதம் குறைவு. வீரியம் குறைந்த சோடா (சோடியம் ஹைட்ராக்சைடைத்தான் சொல்கிறேன்) கூடுதலாக இறங்கும், நான் அதை ஆசிட் கூடுதல் என்று எழுதியிருக்கிறேன்.

மூன்றுமே ஒரே பக்கம் சாய்ந்ததுதான் என் துரதிர்ஷ்டம். 1.4, 1, 0.8, மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், 3.71 அப்படியே 3.83 ஆகிவிடும். எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தால் ஒன்றையொன்று தின்று, நானும் நல்ல கெமிஸ்ட் என்று பேர் வாங்கியிருப்பேன்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு, அதைப் பெரியவர் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. வாரா வாரம் அதே பியூரெட்டில் நார்மாலிட்டி பார்த்துவந்த காலத்தில் பியூரெட்டின் தப்பில் ஒரு பங்கு தானாகக் கழிந்துகொண்டிருந்திருக்கிறது. பியூரெட் குறைவாக இறக்கினால் நார்மாலிட்டியும் குறைவாகக் கணக்காகும், அந்தக் குறைந்த நார்மாலிட்டியை அதே பியூரெட்டில் சாம்பிளுக்குப் போட்டால் ஓரளவு நேராகிவிடும். முழுதாக நேராகாது, ஏனென்றால் நார்மாலிட்டி பார்ப்பது 25 மி.லி.யில், அங்கே 0.07 என்பது 0.3 சதவீதம்கூட இல்லை, சாம்பிள் முடிவது ஆறில். இரண்டையும் ஒரே அளவில் முடியும்படி வைத்தால் நன்றாகவே கழியும். ரெடிமேட் பாட்டிலுக்கு மாறினதும் அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. வேலை மிச்சம் என்று நினைத்து எதை விட்டேனோ அதுதான் பழைய பியூரெட்டைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பேலன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அண்ணாச்சிக்கு எல்லாத் தப்பும் பேலன்ஸில் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை, விலை உயர்ந்த சாமான் என்பதாலோ என்னவோ. கடையிலிருந்து ஆள் வந்து எடைக்கல்லை வைத்துப் பார்த்தார், அரை கிராம் பக்கத்தில் 0.3 மில்லிகிராம்தான் வித்தியாசம். தாலேட் எடையில் அது 0.06 சதவீதம். இருக்கிறதிலேயே நிரபராதி அதுதான். ஃபேனை நிறுத்தாமல் எடை போட்டால் அதைவிடக் கூடுதலாக ஆடும்.

பிஹெச் மீட்டர் கதை வேறு. வினிகருக்கு ஃபினாஃப்தலீன் போதும், எலுமிச்சை ஊறுகாயில் மிளகாய்ச் சிவப்பில் இளஞ்சிவப்பைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு மீட்டர் 8.1 காட்டும் வரைக்கும் போடுவோம். மீட்டரின் எலக்ட்ரோட் வயசாகி ஸ்லோப், அதாவது பிஹெச் மாறும்போது அது காட்டும் மாற்றம், 91 சதவீதத்துக்கு வந்திருக்கிறது, நாங்களோ 7 பஃபர் (பிஹெச் 7 என்று தெரிந்த கரைசல்) ஒன்றை மட்டும் வைத்து காலிபரேட் செய்துவிட்டு அது நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். அப்படிச் செய்தால் மீட்டர் 8.1 காட்டும்போது உள்ளே 8.2-ஐத் தாண்டியிருக்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் முடிவுப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரே சொட்டில் பிஹெச் தாவும் என்பதால் வினிகர் மாதிரி சுத்தமான ஆசிட்டில் இந்த 0.1 ஒரு சொட்டுக்கும் கீழே. ஊறுகாயில் கொஞ்சம் கூடும், அப்போதும் பியூரெட் செய்த அநியாயத்துக்குப் பக்கத்தில் வராது. எல்லோரும் பிஹெச் மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம், திரையில் நம்பர் ஆடுவது அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. பியூரெட் ஆடாமல் அசையாமல் பொய் சொல்லும். இனி 7-ம் 9.18-ம் வைத்து இரண்டு புள்ளியில் காலிபரேட் செய்யச் சொன்னார்கள். பிஹெச் மீட்டருக்கு இவர்களுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இல்லை, எடைக்கும் கொள்ளளவுக்கும் மட்டும்தான். நான் கேட்பதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் எல்லாவற்றிலும் முத்திரையைக் குத்துகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன், ஆகவே எங்கே கொடுத்தாலும் அங்கீகாரம் எதற்கு இருக்கிறது என்ற பட்டியலை என்.ஏ.பி.எல். தளத்தில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மாற்றினது இவ்வளவுதான்: நீர்க்க வைத்ததில் 10-க்குப் பதில் 25 மி.லி. எடுக்கிறேன், ரீடிங் 15 மி.லி.க்கு மேல் போகிறது, அதே பழைய பியூரெட்டின் 0.09-ம் 0.6 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது, அதையும் தாளில் இருக்கும் திருத்தத்தைப் போட்டுக் கழித்துவிடுகிறேன். கிளாஸ் ஏ ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன், அண்ணாச்சி "பாக்கலாம்" என்றிருக்கிறார். சோடாவை ஏ.சி. ஓடும் காலையில் நார்மாலிட்டி பார்த்துவிட்டு, கரண்டு போன மத்தியானம் உபயோகிப்பதையும் நிறுத்தியாயிற்று. 25 டிகிரியிலிருந்து 36-க்கு ஏறினால் திரவம் விரிந்தே 0.3 சதவீதத்துக்கு மேல் போய்விடும், கண்ணாடி விரிவதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது குறை. நாலு நாளில் தருகிறோம் என்று சொன்னது ஒன்பது நாள் ஆனது. திருவிழா என்றார்கள், சரி, ஆனால் போன் எடுத்துச் சொல்லலாம் அல்லவா, அந்த ஒன்பது நாளும் இரவல் பியூரெட்டில் ஓட்டினேன். சர்ட்டிஃபிகேட்டில் பிப்பெட்டின் சீரியல் நம்பரில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. இத்தனை நுணுக்கமாக அளந்துவிட்டு டைப் அடிப்பதில் கோட்டை விடுவது எனக்குத் தாங்கவில்லை, ஆடிட்டில் அந்த ஒரு இலக்கத்துக்கு என்னைத்தான் நிற்க வைத்துக் கேட்பார்கள். திருத்தின தாள் வாங்க இன்னொரு நடை. சார்ஜ், பைக் ஆட்கள் வாங்கினதைப் போல ஒன்றரை மடங்கு. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, திரும்பி வந்த லோடுக்கு அண்ணாச்சி கொடுத்த லாரி வாடகையோடு வைத்துப் பார்த்தால் அது காசே இல்லை. நட்சத்திரம் போனது போன் எடுக்காததற்கும் அந்த ஒரு இலக்கத்துக்கும்தான்.

எடுத்து வைத்திருந்த அதே லோடின் சாம்பிளைத் திருத்தமெல்லாம் போட்டு மறுபடி பார்த்தேன். 3.72. அண்ணாச்சியிடம் காட்டினேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அவுக சரியாத்தான் சொல்லியிருக்காக" என்றார், அடுத்த லோடுக்கு 3.90 வைக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

போகிறவர்களுக்கு: பியூரெட்டின் ஸ்டாப்காக்கைக் கழற்றித் தனியாகச் சுற்றி எடுத்துப் போங்கள், நீங்கள் வழக்கமாக எத்தனை மி.லி.யில் முடிப்பீர்களோ அந்தக் கோட்டையும் அளக்கச் சொல்லி முதலிலேயே எழுதிக் கொடுங்கள், கேட்டால்தான் செய்வார்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது, எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் கொஞ்ச நேரத்துக்கு விடுவார்.